சாராயக் கடைக்கு நாங்கள் இருவரும் போன மாலை

என் கணவர் ஹவுராவில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, வந்த இடத்தில் குடிக்கப் பழகியவர். எங்கள் மகள் பிறந்த பிறகு விட்டார். விட்ட பின்பு அவர் மிகவும் பயந்தது, சர்ச்சில் இராப்போஜனத்தின்போது கொடுக்கும் புளித்த திராட்சரசத்துக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை படகில் ஆற்றைக் கடந்து தமிழ் ஆராதனைக்குப் போவோம். அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். போதகர் கவனித்திருக்கிறார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "புளிக்காத ரசம் வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டுவர முடியுமாம்மா? இனிமே எல்லாருக்குமே அதுதான்" என்றார். யாருக்காக இந்த மாற்றம் என்று சபையில் அவர் சொல்லவேயில்லை. அன்றிலிருந்து கறுப்புத் திராட்சையை வேகவைத்து வடிகட்டுவது என் வேலையாயிற்று.

இச்சையடக்கத்தைப் பற்றிப் பேசும்போது போதகர் குடிகாரர்களைத் திட்டமாட்டார். தன்னால் எதைத் தாங்க முடியாது என்று அறிந்து வைத்திருப்பதும் தெளிந்த புத்திதான் என்பார். எனக்கு அது பிரசங்கத்தில் கேட்ட இன்னொரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரர் ஒரு வங்காளி. பட்டறையில் என் கணவரோடு வேலை பார்ப்பவர். ஒருகாலத்தில் இருவரும் சேர்ந்துதான் குடித்தார்கள். இவர் விட்டார், அவர் விடவில்லை. கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஈரல் கெட்டுப்போகிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், படித்துறைக்குப் போகும் வழியிலிருந்த சாராயக் கடையே கதியென்று கிடந்தார்.

மழை விட்டிருந்த ஒரு மாலை, அவருடைய மனைவி மாடியேறி வந்தாள். நனைந்த சேலைத் தலைப்பைப் பிழியக்கூட இல்லை.

"பௌதி, தாதாவைக் கொஞ்சம் அனுப்புங்க. இவர் மத்தியானத்திலேருந்து அந்தக் கடையிலதான் இருக்கார். வேற யார் கூப்பிட்டாலும் வரமாட்டார்."

அண்ணி, அண்ணன் என்பதைத்தான் அவர்கள் பௌதி, தாதா என்பார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நீயும் வா," என்றார்.

"அந்தக் கடைக்கா? பொம்பள நான் அங்க வந்து என்ன செய்ய?"

"சும்மா நின்னாப் போதும். தனியாப் போனா நான் விழுந்துருவேன். எனக்குத் தெரியும்."

இப்படி ஒரு ஆண் தன் மனைவியிடம் சொல்லி நான் கேட்டதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தகரக் கூரை போட்ட கடை. வாசலிலேயே அந்த நெடி தொண்டையில் ஏறியது. ஈர பெஞ்சுகளில் ஆண்கள் நெருக்கி உட்கார்ந்து கொண்டைக்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் கதவோரமாக நின்றேன். என் கணவர் நேரே போய் நண்பருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

நண்பர் சிரித்தபடி ஒரு கிளாஸை நிரப்பி இவர் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணே ஒண்ணு என்கூடக் குடி. காளி மேல சத்தியம், அப்புறம் நீ கூப்பிடற இடத்துக்கு வரேன். ஆஸ்பத்திரிக்கும் வரேன்."

சுற்றியிருந்தவர்கள், "குடிங்க தாதா, ஒரு உயிரைக் காப்பாத்துங்க" என்றார்கள். கேலியில்லை, உண்மையாகவே சொன்னார்கள். ஒரு நிமிஷம் எனக்கும்கூட அது நியாயமாகப் பட்டது.

என் கணவர் மேஜைமேல் இருந்த கையை இழுத்துக்கொண்டார். வங்காளியில் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் வேணும். உன்னைவிட அதிகமாவே வேணும். ஆனா குடிக்க மாட்டேன். நீ வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. கிளாஸை எடுத்து அப்படியே இவர் முகத்தில் வீசினார்.

என் கணவரின் கோபம் எனக்குத் தெரியும். பட்டறையில் மேஸ்திரியையே கைநீட்டி அடித்தவர். நான் கண்ணை மூடித் திறந்தேன். அவர் அசையவில்லை. சாராயம் நெற்றியிலிருந்து மூக்கோரமாக வழிந்து உதட்டுக்கு வந்தது. அவர் உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு உள்ளே போக விடவில்லை. எழுந்து, வெளியிலிருந்த குழாயடியில் முகத்தை அலம்பினார். நான் முந்தானையைக் கொடுத்தேன், துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் திரும்பவும் உள்ளே போய் அதே பெஞ்சில், அதே ஆளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

சர்ச்சில் பீடத்தின் முன் நிற்பதுபோல் நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடைக்காரர் வானொலியை நிறுத்தினார். வெகுநேரம் கழித்து நண்பர் குனிந்து பெஞ்சுக்கடியில் தன் செருப்பைத் தேடினார்.

"வலிச்சுதா, கண்ணுல?" என்று கேட்டார்.

"கொஞ்சம் எரியுது. வா போவோம்."

டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில், எங்கள் இருவருக்கும் நடுவில் நண்பர் பழந்துண்டு மாதிரி நைந்துபோய் உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கவில்லை. அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனோம். திரும்பி வந்ததும் என் கணவர் சோப்புத் தீரும்வரை குளித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கினார்.

"எப்படிங்க முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நான் செய்யல. என் லட்சணம் எனக்குத் தெரியும்லா. உதட்டை மூடினது மட்டுந்தான் நான்."

நண்பர் ஆஸ்பத்திரியிலிருந்து தெளிந்து வந்தார். துர்கா பூஜை முடிந்த கையோடு மறுபடியும் குடித்தார். மறுபடியும் நாங்கள் இருவரும் போனோம். அந்த முறை எங்களை வாசலில் கண்டதுமே எழுந்து வந்துவிட்டார். இப்போது குடிப்பதில்லை. காளி கோயிலுக்குத்தான் போகிறார், எங்கள் சர்ச்சுக்கு வா என்று என் கணவர் கூப்பிட்டதுமில்லை. பட்டறை விட்டு இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியில் நடந்து வருகிறார்கள்.