ஆர்லன் விழுங்கிய எச்சரிக்கை

மின்னசோட்டாவின் வடகோடியில் மார்லிஸ் இருபத்துநாலு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் உடல்தகுதிப் படிவம் வரும். இதய நோய் உண்டா? இல்லை. ரத்தக்கொதிப்பு எல்லைக்கோட்டில் நிற்கும். பரவாயில்லை என்று முத்திரை குத்திவிடுவார்கள். பிரசவத்தைப் பற்றிப் படிவம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேருந்து ஓட்டுவதற்கும் பிள்ளை பெற்றதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து அவளும் அதைச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் வாசல் பனியை வாரும்போது தாடை வலித்தது. பல்வலி என்று இரண்டு நாள் கிராம்பைக் கடித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள்.

இதய மருத்துவர் சின்ன வயதுப் பெண். "பிரசவமெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. "நெஞ்சப் பாக்க வந்தா வயித்தக் கேக்கறீங்க. எம் பொண்ணு இங்க்ரிட் பொறந்தப்போ கொதிப்பு ஏறி, அஞ்சு வாரம் முன்னாடியே எடுத்தாங்க. புள்ள வந்ததும் சரியாப்போச்சு."

"அப்போதைக்குச் சரியாப்போச்சு. அப்படி இருந்தவங்களுக்குப் பின்னாடி இதயத்துல கோளாறு வர வாய்ப்பு அதிகம். வருஷாவருஷம் பாக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"ஒருத்தரும் சொல்லல."

ஜன்னலோரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்த கணவன் ஆர்லன் தரையைப் பார்த்தான். "அன்னிக்குப் பிரசவம் பாத்த டாக்டர் சொன்னாரு. நீ மயக்கத்துல இருந்தே, எங்கிட்ட சொன்னாரு. பயந்துபோய் அடுத்த புள்ள வேணாம்னுடுவியோன்னு... அப்புறம் நேரம் வாய்க்கல."

"முப்பத்தோரு வருஷமாவா?"

அந்த ஊரில் கெட்ட சேதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சுட்ட உருளைக்கிழங்குப் பாத்திரத்தைத் துயரம் வந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு நழுவுவதுதான் மரியாதை. மார்லிஸும் அப்படிப் பத்துப் பாத்திரம் வைத்தவள்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். இவன் அவள் நெஞ்சுக்குள்ளேயே மறைத்திருக்கிறான். கூடவே படுத்துக்கொண்டு செய்த துரோகம். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிந்தது.

மருத்துவர் போனதும் ஆர்லன் கட்டிலருகே வந்தான். "இங்க்ரிட்கிட்ட இத இப்போ சொல்லாத. ஏழு மாசம். நேத்துப் பாத்ததுல அவளுக்கும் கொதிப்பு ஏறியிருக்காம். பாவம், பயந்துருவா."

மார்லிஸ் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொள்ளப் போனான்.

"கையத் தராத. ஃபோனக் குடு."