மூன்றாவது இடது ஓரக்காரன்

இந்தியக் கால்பந்து அணி ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்பதை எழுபதுகளின் கடைசியில் கண்டுபிடித்தவர் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார். ரேடியோவில் வர்ணனை கேட்டபடியே நூலைத் தொட்டியில் முக்கி எடுப்பார். இந்தியா கோல் வாங்கினால் அன்றைக்கு அரக்குச் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இறங்கிவிடும், முதலாளிகள் வந்து சத்தம் போடுவார்கள்.

"பதினோரு பேர வெச்சிகினு உலகத்த இன்னாத்த ஜெயிக்கறது? ஒருத்தன் காலு ஒடிஞ்சா அடுத்தவன் எங்க? அவனுக்கும் சுளுக்கினா அதுக்கடுத்தவன் எங்க? எடத்துக்கு மூணு பேர் வேணும்யா! மூணு பேரும் ஒண்ணாவே இருக்கணும், எவன எறக்கினாலும் வித்தியாசம் தெரியக்கூடாது!" என்பார்.

இதையே மாதம் ஒரு இன்லண்ட் லெட்டரில் எழுதி டெல்லியிலிருந்த பெரிய ஆபீசுக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. சரி, டெல்லிக்குப் புரியாததை ஆரணியில் செய்து காட்டுவோம் என்று இறங்கிவிட்டார். அப்படித்தான் எங்கள் தெரு அணியில் முப்பத்துமூன்று பேர் ஆனோம். படவேட்டிலிருந்துகூட ஒருவரை மூன்றாவது கோல்கீப்பராகச் சேர்த்திருந்தார். அங்கிருந்து பஸ் குறைவு. அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேர்வார், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று இரண்டு பந்து உதைத்து அனுப்புவோம்.

முப்பத்துமூன்று என்பது ஏட்டில்தான். படவேட்டுக்காரரைத் தவிர எல்லோரும் தறிக்காரர்கள். தறியில் சேலை பாதியில் நிற்கும்போது எவனாலும் மைதானத்துக்கு வர முடியாது. அதனால் சனிக்கிழமை சாயந்திரம் மாமா வீடு வீடாகப் போய்த் தறியை எட்டிப் பார்த்துத்தான் அணியைத் தேர்வு செய்வார். "உனுக்கு இன்னும் எத்தினி முழம் கீது?" என்று கேட்பார். சேலையை நெய்து தறியிலிருந்து அறுத்து முடித்தவன் முன்னணி ஆட்டக்காரன். முந்தானை நெய்துகொண்டிருப்பவனுக்கு ஓய்வு. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, வேலை குறைவு, அத்தனை பேரும் வந்து யார் ஆடுவது என்று அடித்துக்கொள்வோம். ஆவணி பிறந்தால் ஆள் கிடைக்காது. ஒரு ஆவணியில் மூன்று கோல்கீப்பர்களையும் இறக்கி ஆடினோம், படவேட்டுக்காரர் அன்றைக்கு மட்டும் எப்படியோ நேரத்துக்கு வந்திருந்தார். மூன்று பேரும் கோல் அருகிலேயே நின்றார்கள்.

நான் மூன்றாவது இடது ஓரக்காரன், லெஃப்ட் அவுட். எனக்கு வயது பத்தொன்பது. இரண்டாவது ஆள் நாற்பதைத் தாண்டியவர், நாலு பிள்ளைக்குத் தகப்பன், தறியில் கெட்டிக்காரர். முதல் ஆள் என்னைவிட ஒரு வயது மூத்தவன், என் சிநேகிதன். அவன் இடது காலைப் பற்றி நான் சொன்னால் மிகையாகத் தெரியும். பந்து அவனிடம் போனால் எதிரணிக்காரர்களே ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவன் விரும்பியதெல்லாம் ஒன்றுதான். கல்கத்தாவில் நடக்கும் தேசியப் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டும். வெளியூர் உறவுக்காரர் ஒருவர் கொடுத்த பூட்ஸ் ஒரு ஜோடியை நூல் கழிவில் சுற்றித் தறிக்குழியின் ஓரத்தில் வைத்திருந்தான். வெறுங்காலால் மிதிப்பலகையை மிதித்தபடி அதைப் பார்த்துக்கொள்வான். "கேம்புக்கு மட்டும் போய்ட்டேன்னு வெச்சிக்க, இந்தக் குழியில திரும்பக் கால வுட மாட்டன்டா" என்பான்.

மாற்று ஆட்களை வளர்த்தெடுப்பதற்கு மாமாவிடம் ஒரு முறை இருந்தது. இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் முதல் ஆளின் பின்னாலேயே நடக்க வேண்டும். அவன் எப்படி நிற்கிறான், எப்படித் திரும்புகிறான் என்று பார்த்துப் பழக வேண்டும். நாலு பிள்ளைக்காரர் ஒரே வாரத்தில் பேஜாராகிப் போய்விட்டார். நான் நாலு வருஷம் நடந்தேன். அவன் டீக்கடைக்குப் போனால் நானும் டீக்கடை. அவன் லுங்கியை இடது பக்கம் செருகினால் நானும் இடது பக்கம். மாதம் ஒருமுறை இருவரும் ஒரே சலூனில், ஒரே பெஞ்சில், ஒரே கிராப்பு. பின்னாலிருந்து பார்த்தால் அவன் அம்மாவே என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பந்து உதைப்பதைத் தவிர அவனிடமிருந்த எல்லாம் எனக்கு வந்துவிட்டது. நாலு வருஷத்தில் ஒரு ஆட்டத்தில்கூட நான் இறங்கியதில்லை.

அப்போதுதான் மாமாவின் கடிதங்களுக்குப் பதில் வந்தது. முகாமுக்கு ஆள் பார்க்கும் ஒருவர் மெட்ராஸிலிருந்து வருவாராம், நீங்கள் எழுதியிருக்கும் இடது ஓரக்காரரைப் பார்ப்பாராம். மாமா அந்தக் கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டிய பிறகுதான் தேதியைப் பார்த்தார். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை.

சிநேகிதன் தறியில் அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தச் சேலை இருந்தது. தேசூரில் கல்யாணம். ஞாயிறு சாயந்திரம் முதலாளி வந்து அறுத்து எடுத்துப்போக வேண்டும். சனிக்கிழமை மாமா எட்டிப் பார்த்தபோது இன்னும் மூன்று முழம் பாக்கி. "வரல மாமா" என்று சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் மாமாவின் மூளை வேலை செய்தது.

"எடத்துக்கு மூணு பேருன்னு எதுக்குடா வெச்சிகிறேன்? மைதானத்துக்கு மட்டுமா? தறிக்கும் அதேதான்! ரெண்டாவது ஆள தறியில ஒக்கார வை!"

இங்கேதான் நாங்கள் அத்தனை பேரும் முட்டாள்களானோம். ஒருவர் பாதி நெய்த சேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி அடிக்கும் அடி ஆளுக்கு ஆள் வேறு. கை மாறினால் துணியில் குறுக்கே கோடு விழும். தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் கல்கத்தா என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானத்தில் கலசப்பாக்கம் அணியோடு ஆட்டம். மெட்ராஸ்காரரை வரவேற்க மாமா சோடா பாட்டிலோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். பஸ் வரவில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவிட்டோம். சிநேகிதனுக்குப் பூட்ஸ் குதிகாலைக் கடித்தது, ஐந்து நிமிஷத்தில் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டான். பிறகு இரண்டு கோல் போட்டான். இரண்டாவது கோலுக்குக் கலசப்பாக்கம் கோல்கீப்பரே கைதட்டியதை நான் கண்ணால் பார்த்தேன், அவர் தன் அணி தோற்பதையே மறந்துவிட்டார்.

இடைவேளையில் நாலு பிள்ளைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அடி ஒத்து வரலடா. கோடு வுழுந்துடுச்சி. அரை முழம் பிரிக்கணும். நான் தொட்டா இன்னும் கெட்டுடும்."

சிநேகிதன் பாதி குடித்த தண்ணீரைக் கீழே வைத்தான். கோடு விழுந்த சேலையை முதலாளி வாங்க மாட்டார். அடுத்த சேலைக்குப் பாவு நூலும் அந்த வீட்டுக்கு வராது. அவன் பதினொன்றாம் நம்பர் சட்டையைக் கழற்றி என்மேல் போட்டான். "சட்டைய போட்டுகினு சும்மா நில்லு. ஜல்தி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். எங்கள் மைதானத்தில் யார் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், வெளியேறலாம், அதற்கெல்லாம் சட்டம் கிடையாது.

அவன் தெரு திரும்பவும், மாமா சைக்கிள் கேரியரில் மெட்ராஸ்காரரை உட்காரவைத்து வந்து சேரவும் சரியாக இருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் நோட்டு, நாலரை மணிக்குத் திரும்பும் பஸ்.

"பதினொன்னாம் நம்பர் சார். அவன மட்டும் பாருங்க. மத்தவனுங்கள பாக்கவே வாணாம்" என்று மாமா கையை நீட்டினார். அதே கிராப்பு, அதே நடை, அதே தலைச்சாய்ப்பு. மாமாவே ஏமாந்துவிட்டார்.

பழக்கதோஷத்தில் எங்கள் ஆட்கள் எல்லாப் பந்தையும் பதினொன்றுக்கே தட்டினார்கள். ஒன்று என் கால்களுக்கு நடுவே போனது. ஒன்று முழங்காலில் பட்டு எங்கள் கோலை நோக்கியே போனது. ஒன்றை ஓங்கி உதைத்தேன், பந்து அங்கேயே இருந்தது, நான்தான் விழுந்தேன். அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. "டேய், வெளிய வாடா!" என்று அலறினார்.

திரும்பிப் பார்த்தேன். கோடு விழுந்ததை மட்டும் பிரித்துவிட்டுச் சிநேகிதன் வந்துவிட்டான். வெற்று மார்போடு, கையெல்லாம் அரக்கு நூல் துணுக்கு ஒட்டியிருக்க, கோட்டருகே நின்றுகொண்டிருந்தான். பூட்ஸைக் கையில் எடுத்திருந்தான். ஆட்டம் முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது. நான் பத்தடி நடந்து சட்டையைக் கொடுத்தால் போதும்.

ஆனால் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து யாரும் எதையும் எழுதியதில்லை. ஒரே ஒரு உதை சரியாக விழுந்தால் போதும் என்று தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்போது எனக்குச் சிநேகிதன் நினைவே இல்லை, கல்கத்தாதான் இருந்தது. மாமா மறுபடியும் கூப்பிட்டார். நான் எதிர்ப்பக்கமாக ஓடினேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது இன்னும் வேகமாக ஓடினேன். வெள்ளைச் சட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டை மூடினார்.

மாமா அவர் பின்னாலேயே ஓடினார். "சார், அவன் இவன் இல்ல சார்! அவன் மூணாவது ஆளு! இதோ நிக்கறான் பாருங்க மொத ஆளு!"

"மூணு பேரும் ஒண்ணாவே இருப்பாங்க, எவனைப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்றார் அவர், கோபமே இல்லாமல். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சேலை அன்று இரவே தேசூருக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பிரித்த இடத்திலிருந்து அவனே நெய்து முடித்திருந்தான், எங்கே பிரித்தான் என்று முதலாளியால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பதினொன்றாம் நம்பர், தோற்றமும் நடையும் நன்று, பந்தின்மேல் கட்டுப்பாடு இல்லை, வளர்ச்சிக்கு வாய்ப்பில்லை. மாமா அதை இரண்டு முறை வாசித்தார். தெருவே சிரித்தது. சிநேகிதனும் சிரித்தான். "நடை என்னுதுடா, அது மட்டும் பாஸாயிருக்குது" என்றான். அவன் சிரித்ததால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் வழக்கம்போல அவன் பின்னால் சலூனுக்குப் போனேன். அவனுக்கு முடிவெட்டி முடிந்து சவரத்துக்குச் சோப்பு போட்டிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மாமா கூப்பிட்டது கோட்டாண்ட நின்ன எனக்கே காது கிழிஞ்சுது. உனுக்குக் கேக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டுது" என்றேன்.

சவரம் முடிந்தது. முகம் துடைத்து எழுந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சலூன்காரரிடம் சொன்னான்.

"அண்ணே, இவனுக்கு இனிமே வேற மாதிரி வெட்டுங்க."

அவன் போன பிறகு சலூன்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படிப்பா வெட்டட்டும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.