இரண்டு சூட்டும் ஒரு ஹோஸும்

எழுபதுகளின் நடுவில், டிப்ளமா வாங்கிய கையோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன காண்டிராக்ட் கம்பெனியில் சேர்ந்தேன். தண்ணீருக்கு அடியில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். முங்குகிறவர் பழவேற்காட்டுக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். கரையில் நிற்கிறவன் நான். எனக்கு நிற்பது பிடிக்காது.

வாரத்தில் பாதி நாள் பூண்டி ஏரி மதகு. நல்ல தண்ணீர், வெட் சூட் போதும், உள்ளே ஈரம் புகுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மீதி நாள் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி. தோலில் ஒரு சொட்டுப் படக்கூடாது. அதற்கு டிரை சூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் கவ்விப் பிடிக்கும், உள்ளே காற்று விட்டுக்கொள்ள மார்பில் ஒரு வால்வு. சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு போனவர் தொட்டித் தண்ணீர் படாமல்தான் மேலே வருவார். ஆனால் பூட்ஸைக் கவிழ்த்தால் வேர்வை ஒரு டம்ளர் தேறும்.

அந்த மார்பு வால்வுக்கு, சிலிண்டர் தலையில் திருகிய ரெகுலேட்டரிலிருந்து தனியாக ஒரு ரப்பர்க் குழாய், அதாவது ஹோஸ், போக வேண்டும். வெட் சூட்டுக்கு அது தேவையில்லை. சும்மா தொங்கினால் மதகுக் கம்பியில் போய் மாட்டும். ஒருமுறை மாட்டவும் செய்தது. அதை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

"சைக்கிள் டியூப்ப வெட்டி, கக்கத்துல சேத்துக் கட்டி வுடு. எதுக்குக் கயட்டிக் கயட்டி மாட்டிக்கினு?" என்பார் அவர்.

டிப்ளமா படித்தவனுக்கு அது கேவலமாகப் பட்டது. "கழட்டிட்டு, தொளைக்கு பிளக் போடறதுதாண்ணா முறை. நாலே நிமிஷத்துல முடிப்பேன்."

"நாலு நிமிஷமா? நீ இன்னா ரயில் புடிக்கப் போறியா?"

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. ஐந்து முறை தப்பில்லாமல் நான் ஹோஸ் மாற்றிவிட்டால், பூண்டியில் என்னை ஒருநாள் இறக்கிவிடுவார். கூடவே ஒரு சட்டம் போட்டார்: ஹோஸ் மாட்டியவன் எவனோ, அவன்தான் முதலில் சூட்டைப் போட்டு, கரையிலேயே சிலிண்டரைத் திறந்து காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவர் மாட்டிக்கொள்வார்.

நாலு முறை தேறிவிட்டேன். ஒருமுறை மூன்று நிமிஷம் ஐம்பது நொடியிலேயே முடித்தேன். திருவள்ளூருக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடினால் நான் ஏரிக்குள் மீனோடு மீனாக இருப்பேன்.

ஐந்தாவது முறை, ஒரு தொழிற்சாலைத் தொட்டியோரம், காலை நேரம். பூண்டியிலிருந்து வந்த சாமான். ஹோஸைத் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கண் ஸ்பேனரில், ஒரு கண் கைக்கடிகாரத்தில். சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் கேஜின் ஹோஸ் வழியில் இருந்ததால் அதையும் கழற்றி மறுபடி மாட்டினேன். மூன்று நிமிஷம் பத்து நொடி!

சூட்டுக்குள் புகுந்தேன். சிலிண்டரை முதுகில் ஏற்றிவிட்டு, ஹோஸை மார்பில் சொருகி, அவர் டீ கிளாஸோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பின்னால் கையை வளைத்துத் திறந்தேன். கேஜைப் பார்த்தால் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. சிலிண்டர் காலி போலிருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

புஸ்ஸென்று தொடை பருத்தது. பிறகு வயிறு. பிறகு இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் எழுந்து நின்றன. கட்டித் தழுவ வந்த தேர்தல் வேட்பாளர் போல நின்றேன், இறக்க முடியவில்லை. முதுகில் இருந்த சிலிண்டர் வால்வு இப்போது எனக்கு ஆந்திரா தூரம். கழுத்து ரப்பர் வழியாகக் காற்று வெளியேறி, சபையில் சொல்ல முடியாத சத்தம் ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது.

"இன்னா நைனா, ஊதிக்கினே போற? காலைல நாஷ்டா இன்னா துன்ன?"

"அண்ணா, மூடுண்ணா!"

"டீய முடிச்சிக்கிறேனே," என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்து மூடினார். ஹோஸ், எலி விழுங்கிய பாம்பு மாதிரி ஓரிடத்தில் புடைத்திருந்தது.

அவர் மார்பு வால்வைத் தட்டிப் பார்த்தார். "இந்த வால்வுதான் பேஜாரு பண்ணுது. வேற ஹோஸ் போட்டுப் பாக்கலாம். நான் போட்டுக்கறேன்."

எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. ரெகுலேட்டரில் எல்லாத் துளையும் ஒரே அளவு, ஒரே மரை. அழுத்தம் குறைந்து வரும் துளை சூட்டுக்கு; சிலிண்டரின் முழு அழுத்தம் வரும் துளை கேஜுக்கு. அவசரத்தில் இரண்டையும் மாற்றி மாட்டியிருந்தேன். வால்வின் மேல் பழி ஏற்கெனவே விழுந்தாயிற்று. சும்மா இருந்தால் நைசாகத் திருத்திவிடலாம், பூண்டி எனக்குத்தான். ஆனால் அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். துளையைக் கவனிக்காமல் புது ஹோஸை அதிலேயே மாட்டி, அது கரையில் தாங்கிவிட்டுத் தொட்டிக்குள் வெடித்தால்?

"வால்வு இல்லண்ணா. நான்தான். தொளை மாத்தி மாட்டிட்டேன்."

அவர் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, மறுக்கா மாட்டு," என்றார். "வாச்ச கயட்டி எங்கிட்ட குடுத்துட்டு மாட்டு. இதுலேர்ந்து ஒண்ணு."

அந்த ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆனது. இரண்டுக்கும் அப்படித்தான். ஐந்து வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

பூண்டியில் அன்று அவரே எனக்காக ஹோஸைக் கழட்டி, துளைக்கு பிளக் போட்டார். அவர் போட்ட சட்டப்படி அவரே முதலில் மூச்சிழுத்துக் காட்டிவிட்டு என் முதுகில் ஏற்றினார். இறங்கினேன். தண்ணீர் செம்மண் கலங்கல். மீன் இருக்கட்டும், என் கை விரலே எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் மதகுச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு மேலே வந்தேன்.

"இன்னா பாத்த?" என்றார்.

"ஒண்ணுமே தெரியலண்ணா. இன்னொரு வாட்டி இறங்கட்டுமா?"