நாத்தனாருக்குக் கொடுத்த தாள்

என் நாத்தனார் பி.ஏ. வரலாறு சேர்ந்த வருஷம் என் பெண்ணுக்கு எட்டு மாதம். நானும் அதே பி.ஏ.தான். கடைசிப் பரிட்சைக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. விட்ட பரிட்சையைத் தனியாக எழுத விண்ணப்பம் வாங்கிப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். "அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டு என் கணவர் தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போய்விட்டார். மாமியாரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் வாரமே நாத்தனாருக்கு வகுப்பில் ஒரு சைக்ளோஸ்டைல் தாள் கொடுத்திருந்தார்கள். மூன்று வருஷம் படித்து முடிப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பழைய ஆவணம் ஒன்றைப் பார்த்தால், எழுதியது யார், யாருக்காக என்று கேட்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். தவறென்று தெரிந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இப்படி யாரும் எதுவும் தரவில்லை. நோட்ஸ் சொல்வார்கள், எழுதிக்கொள்வோம். கருத்தை மாற்றிக்கொள்வது மட்டும் எனக்கு நன்றாக வரும். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றலாமா வேண்டாமா என்று காலையிலேயே நான்கு முறை மாற்றுவேன்.

தாளை எடுத்து என் விண்ணப்பத்தோடு ஒளித்து வைத்தேன். இஸ்திரி போட்ட தாவணியில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. தேடட்டும், கிடைக்காமல் அழட்டும் என்றுகூட நினைத்தேன். நான்கு நாளாகியும் அவள் தேடவே இல்லை. பயம் எனக்குத்தான். ஐந்தாம் நாள், பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மீனை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டேன்.

"உன் காலேஜ் தாளை நான்தான் எடுத்தேன்."

"எந்தத் தாள் அண்ணி?"

எதுவென்று சொன்னேன்.

"அதுவா? பரிட்சைக்கு வராதாம். நீங்களே வெச்சுக்குங்க. இல்லன்னா பாப்பாவுக்குக் கப்பல் செஞ்சு குடுங்க."

அவள் தலை பின்னப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நான் திருடி வைத்துக்கொண்டது அவளுக்கு வேண்டாத பொருள். அதுதான் தாங்க முடியவில்லை.

மத்தியானம் மாமியாருக்குக் குழம்பு ஊற்றும்போது விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"புள்ளைய யாரு பாக்கறது?"

"பரிட்சை அன்னிக்கு மட்டும் நீங்க பாத்துக்கணும் அத்தை."

"கல்யாணமாயி புள்ள பெத்தாச்சு. இனிமே உனக்கு எதுக்குப் படிப்பு?"

"உங்க பொண்ணுக்கு எதுக்கோ, எனக்கும் அதுக்குத்தான்."

மாமியார் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"முதல்ல புள்ளைய பால் மறக்க வை. அப்புறம் எழுது."

எட்டு மாதத்தில் பாலை நிறுத்துவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே அன்று சாயங்காலம் விண்ணப்பத்தை நிரப்பினேன்.