கூடச் சுழலாத புள்ளி

மூடியைக் கழற்றியதும் ஹுலிகெம்மா முதலில் மூடியைத்தான் திட்டுவார். "தூசி வராம காக்கிறேன்னு உக்காந்துக்கிட்டு, நீதானே பெரிய தூசி மூட்டை!" அதை ஓரமாக வைத்த பிறகுதான் கண்ணாடி இழையின் முனையைக் கையில் எடுப்பார்.

ஹொசபேட்டையிலிருந்து சண்டூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தொலைபேசி நிலையம். இரும்புத்தாது லாரிகள் ஓயாமல் போகும். மரம், மாடு, காயப்போட்ட வேட்டி எல்லாம் சிவப்பு. அந்தத் தூளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் இழை முனையில் ஒட்டினால் போதும், சுரங்கத்துக்குப் போகும் லைன் செத்துவிடும். அதைத் துடைத்துப் பார்த்து இணைப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. நான் பக்கத்து அறையில் பேட்டரிகளுக்குக் காவல்.

முனையில் பட்டுவிடும் என்று வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். ஹுலிகி அம்மன் பேரை வைத்துக்கொண்டு, குங்குமம்கூடச் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான். காலையில் பார்த்தால் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். இன்ஜினியர் மகாந்தேஷ் ஒருமுறை அவசரத்தில் முனையை வாயால் ஊதிவிட்டார். "மிர்ச்சி பஜ்ஜி தின்ன வாயால கண்ணாடிக்கு அபிஷேகம் பண்றீங்களா சார்?" என்று அத்தனை பேர் முன்னாலும் இவர் கேட்டார். மனிதர் அதற்குப் பிறகு அந்த அறையில் மூச்சு விடுவதற்கே யோசிக்கிறார்.

முதலில் மீட்டரை வைத்து, இழையில் லேசர் வெளிச்சம் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்வார். "அது கண்ணுக்கே தெரியாது தம்பி, ஆனா கண்ணைப் பொசுக்கிடும்" என்பார். பிறகு பஞ்சு உதிராத அந்த மெல்லிய துணியில் முனையை வைத்து ஒரே இழுப்பு, ஒரே திசை. இழுத்த துணி நேரே குப்பைக்கு. மூக்குக்கண்ணாடி துடைக்க நான் எத்தனையோ தடவை கேட்டும் ஒரு துண்டு தந்ததில்லை.

கடைசியாக, கட்டைவிரல் நீளமுள்ள உருப்பெருக்கியில் வலது கண்ணை வைத்துப் பார்ப்பார். புள்ளி தெரிந்தால் முனையை மெல்லச் சுழற்றுவார். புள்ளியும் கூடச் சுழன்றால் அழுக்கு முனையில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால், கருவியின் கண்ணாடியில்.

போன வருடம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிவதாகச் சந்தேகப்பட்டு, பெல்லாரி கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டர் இரண்டு தேதி வாங்கித் தந்தார். இரண்டுக்கும் போகவில்லை.

"ஏன்க்கா?"

"போனா கண்ணு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. அதைப் பாத்ததும் ஆபீஸ்ல என்னை ஃபைல் ரூமுக்குத் தள்ளிடுவாங்க. அங்க போயி நான் எதைத் தொடைக்கிறது?" ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷம் அந்த வெளிச்சத்துக்குத் தப்பிச்சேன் பாரு, கடைசியில சர்க்கரைகிட்ட மாட்டிக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை சுரங்க லைனை மாற்றினார்கள். அவர் துடைத்தார், பார்த்தார். புதுத் துணி எடுத்துத் துடைத்தார், பார்த்தார். மூன்றாவது துணி. "ஆச்சா அக்கா?" என்று போனில் மகாந்தேஷ். "இருங்க சார்." முனையைச் சுழற்றினார். பிறகு கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மெல்லத் தலை நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஈயைத் தொடர்வதுபோல அவர் பார்வை சுவரில் இடமிருந்து வலமாகப் போனது. வெள்ளைச் சுவர். அதில் ஒன்றுமே இல்லை.



"பேட்டரி ஆசிட் கை" என்று என்னை அந்த மேஜைப் பக்கமே அண்டவிடாதவர், உருப்பெருக்கியை என் பக்கம் நீட்டினார். "போய்க் கையைக் கழுவிட்டு வா. நீ பாரு."

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், நடுவில் சின்னதாக இன்னொன்று. ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன தெரியுது?"

"சுத்தமா இருக்குக்கா."

"சுத்திப் பாத்தியா?"

"பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லக்கா."

ஒன்றும் இல்லை என்று சொல்ல அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவர் முனையை வாங்கிச் செருகினார். 'டக்' என்று உட்கார்ந்தது. "லைன் குடுங்க சார்" என்றார் போனில். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

போனை வைத்தபின் பெட்டியிலிருந்து இன்னொரு புதுத் துணியை உருவினார். வலது கண்ணை மூடி, இமை மேல் அதை வைத்து ஒரே இழுப்பு, ஒரே திசை. துணியைக் குப்பையில் போட்டார். பிறகு கண்ணைத் திறந்து மறுபடியும் சுவரைப் பார்த்தார்.