தூக்கக் கூடாது

நர்சரியில் கேமரா வைக்கச் சொன்ன முட்டாள் நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, கையை ஆட்டி ஆட்டிப் பேசியது நானேதான். கைதட்டலும் வாங்கினேன். இப்போது நினைத்தால் ஒவ்வொரு தட்டலும் என் கன்னத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது.

பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வுக்கு நான் தலைவரானதுகூட இதே மாதிரி ஒரு முட்டாள்தனத்தில்தான். கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு டிரஸ்ட் நடத்தும் நர்சரி அது. என் மகள் அங்கே யு.கே.ஜி. முதல் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். பெற்றோரெல்லாம் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு பெரிய நாற்காலி மட்டும் காலி. என் உடம்புக்கு அதுதான் சரி என்று போய் உட்கார்ந்தேன். அது தலைவருக்குப் போட்டதாம். எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்கிய பதவி, என் பின்புறத்தின் அகலம் காரணமாக எனக்குக் கிடைத்தது.

கேமரா எதற்கு? பாறசாலையில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. மகள் மத்தியானம் சோறு தின்கிறாளா என்று கடையில் இருந்தே போனில் பார்க்கும் ஆசை. ‘குழந்தைகளின் பாதுகாப்பு’ என்று கூட்டத்தில் முழங்கியதெல்லாம் சும்மா. கேமரா வந்தபிறகு நான் ஒழுங்காக ஒரு வேலை செய்யவில்லை. ஒருவருடைய ஆதார் கார்டை இன்னொருவருடைய கவரில் போட்டுக் கொடுத்து, இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்கினேன்.

போனில் அதிகம் கண்ணில் பட்டவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கா. கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். கணவருக்குக் கடல் வேலை. மழைக்காலத்தில் வள்ளம் கரையில் கிடக்கும். அப்போது அந்த வீடு இவருடைய சம்பளத்தில்தான் ஓடும். எந்நேரமும் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். அழுகிற பிள்ளையைத் தூக்கி, ஜன்னல் பக்கம் போய் அணிலைக் காட்டி, அழுகை அடங்கியதும் இறக்கிவிட்டு அடுத்ததைத் தூக்குவார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெற்றோர் வாட்ஸப் குழுவில் தட்டிவிட்டேன்:

“நம்ம ஆயாக்கா நெய்யாற்றின்கரை பஸ்ஸாக்கும். ஒண்ணு இறங்கினா ஒண்ணு ஏறுது. பிள்ளையளுக்கு டிக்கெட் உண்டா?”

குழுவே சிரித்தது. குழுவில் இருந்த நர்சரி மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

மேனேஜர் அப்போதுதான் ஏதோ ஓட்டலில் நடந்த லீடர்ஷிப் டிரெய்னிங் முடித்து வந்திருந்தார். அங்கே என்ன சாப்பாடு போட்டார்களோ தெரியாது, ஒரே ஒரு வார்த்தையைக் கொண்டுவந்திருந்தார்: பாலிசி. செருப்பு கழற்ற ஒரு பாலிசி, தண்ணீர் குடிக்க ஒரு பாலிசி, பிறந்தநாள் மிட்டாய்க்கு ஒரு பாலிசி. என் தமாசு வந்த மறுநாள் குழுவில் இன்னொன்று விழுந்தது. பணியாளர் யாரும் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைத் தூக்கக் கூடாது. மீறினால் அன்றைக்கே வேலை இல்லை. காரணம்: பி.டி.ஏ. தலைவரின் பராதி.

பராதியாம், புகாராம்! சோற்றில் உப்பு இல்லை என்று சொந்த வீட்டிலேயே பராதி சொல்லத் துணியாதவன் நான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது, பாறசாலையில் பஸ் மாற இறங்கிய ஆயாக்கா நின்றிருந்தார்.

“சாரே, உங்க பிள்ளைய நான் என்ன செஞ்சேன்?”

“அய்யோ அக்கா, அது தமாசாட்டு எழுதினதாக்கும்.”

“உங்களுக்குத் தமாசு. எனக்க வேலையாக்கும் போகுது.”

“நான் போய்ப் பேசுதேன். சரியாக்கித் தாறேன்.”

“பேசினது போதாதா?” என்றபடியே பஸ் வந்த பக்கம் நடந்துவிட்டார்.

பாதி தூக்கிய ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்கூட்டரில் நானும் பின்னாலேயே போனேன். நர்சரி வாசலிலேயே அழுகை கேட்டது. புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பெண் குழந்தை. அம்மா காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குழந்தையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓடினாள். குழந்தை கூடத்தின் நடுவே நின்று ஆயாக்காவை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது. அவர் தன் கைகளைச் சேலை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, “அழாத மக்களே, அம்மை வரும்” என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன். ஏசி. சுவரில் பெரிய திரை. திரையில் அதே குழந்தை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நான் முழங்கி வாங்கிய கேமராவில் சத்தம் வராது.

“சாரே, அந்தப் பாலிசிய எடுங்க. நான் எழுதினது தமாசாக்கும்.”

“பராதி வந்தா நடவடிக்கை எடுக்கப் பாலிசி உண்டு. தமாசுக்குப் பாலிசி இல்ல.”

“அப்போ ஒண்ணு போடுங்க!”

“பிரசிடெண்டே, சத்தம் வேண்டாம். பிள்ளை தானா அழுது தானா நிறுத்தப் படிக்கணும். டிரெய்னிங்ல சொன்னாவ.”

“எந்தப் பிள்ளைய வச்சு சொன்னாவ? அந்த ஓட்டல்ல பிள்ளை இருந்துதா?”

அவர் எழுந்து போய், நான் திறந்து விட்டிருந்த கதவைச் சாத்தினார். குளிர் வெளியே போகிறதாம். கதவு மூடியதும் அழுகைச் சத்தம் நின்றது. திரையில் வாய் திறந்தபடியே இருந்தது. அவர் உட்கார்ந்து தேநீரை எடுத்துக் குடித்தார்.

ஒரு மூக்கைத் துடைத்ததில்லை, ஒரு ஜட்டியை மாற்றியதில்லை, ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாகக் கூப்பிட்டதில்லை இந்த மனுஷன். இவர் சொல்கிறார், தூக்கக் கூடாது என்று. டிரஸ்டுகாரர்கள் தலையாட்டுகிறார்கள். டீச்சர்மார் கையெழுத்துப் போடுகிறார்கள். பெற்றோர் நாங்கள் கட்டைவிரல் படம் போடுகிறோம். ஒரு பிள்ளை அழுதால் தூக்குவதற்கு அனுமதி கேட்கும் நிலைக்கு ஒரு கூடம் நிறையப் பெரிய மனிதர்களைக் கொண்டுவந்த புண்ணியவான் நான். அந்தத் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை. தட்டினால் கை சுடும் என்று கணக்குப் போடுகிற வீரன் நான்.

கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் மண்டையில் பட்டது. பாலிசி பணியாளருக்குத்தானே? நான் பணியாளர் இல்லையே!

நேராகக் கூடத்துக்குப் போய், கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கினேன். தூக்கிய கணமே அழுகை அலறலாக மாறியது. முன்பின் தெரியாத தடியன் வந்து தூக்கினால் யார்தான் அலற மாட்டார்கள்? என் மூக்குக் கண்ணாடி பறந்தது. வயிற்றில் ஒரு உதை. பிறகு சட்டையில் சூடாக ஏதோ இறங்கியது. என் மகள் வகுப்பு வாசலில் வந்து நின்று, “எனக்க அப்பா இல்ல அது” என்று கூட்டாளியிடம் சொன்னாள்.

ஆயாக்கா முந்தானையிலிருந்து கைகளை எடுத்தார். நேரே என்னிடம் வந்து குழந்தையைப் பிடித்தார். நான் விடவில்லை.

“அக்கா, வேண்டாம். மேல கேமரா. அவரு பாத்துக்கிட்டு இருக்காரு, வேலை போயிரும்.”

“பாக்கட்டு, நீ அந்தப் பக்கம் மாறி நில்லு.”