இரண்டு கடலுக்கு நடுவே ஹனூர்

மங்களூர்க் கடலில் சைக்கிளின் பின்சக்கரத்தை நனைத்தபோது காலை ஆறேகால். முன்சக்கரத்தைக் கடலூரில் நனைக்க வேண்டும் என்பது திட்டம். பதினாறு வருஷமாக வீட்டுக்கும் ஃபேக்டரிக்கும் ஏழு கிலோமீட்டர் மிதித்தே தேய்ந்த எனக்கு, ஒரு தடவையாவது எல்லை தாண்டி மிதிக்க ஆசை. என் மனைவி சரசு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நடுவுல நான் வேண்டாமுன்னு சொன்னா, அங்கிருந்தே திரும்பிரோணும்." சரி என்று தலையாட்டினேன். அதிலிருந்தே எனக்கு உள்ளூர உதறல்தான்.

மூன்றாம் நாள் மாலை மைசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குடகு மலை ஏற்றம் தொடையைப் பிழிந்து காயப்போட்டிருந்தது. மறுநாள் ஆயுத பூஜை. சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைத்தோம். மண்டி மொஹல்லா கடைவீதியில் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கிய பஞ்சர் சாமான்கள், ஸ்பேனர், டயர் கழற்றும் லீவர் எல்லாவற்றையும் பலகையில் பரப்பிக் குங்குமம் வைத்தாள் சரசு. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை தீபம் காட்டிய பிறகுதான் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

விஜயதசமி, காலை நாலரை. "தீபம் காட்டுற வரைக்கும் இருங்க" என்றாள். ஹனூர் எண்பத்தைந்து கிலோமீட்டர், அதற்கு மேல் காடு, இருட்டுவதற்குள் கடந்தாக வேண்டும். கேட்காமல் கிளம்பினேன். சீட்டுக்குக் கீழே ரெக்சின் பை உப்பலாகத் தொங்கியது. நான் தொட்டுப் பார்த்தேன், திறந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு ஹனூர். சரசுவின் அப்பா வீடு மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. ஆள் கடத்தல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. காட்டு வழியே சைக்கிளில் போகிறேன் என்றால் மாமா என்னைக் கட்டிப்போட்டாலும் போடுவார். துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, திருடன் மாதிரி வேகமாக மிதித்துத் தாண்டினேன். வயிறு கூப்பாடு போட்டது. டீக்கடையில் ஒன்றரை ரூபாய்க்கு டீ குடித்துச் சமாளித்தேன்.

இரண்டு நாற்பதுக்குப் பின்சக்கரம் தொய்ந்தது. இருபுறமும் மூங்கில்காடு. பையைத் திறந்தேன். உள்ளே பொரி, கடலை, இரண்டு வாழைப்பழம். என் சாமான்கள் பலகையிலேயே, குங்குமத்தோடு, மைசூரில் இருந்தன.

பம்ப் மட்டும் சைக்கிளோடு இருந்தது. அடித்தேன், ஏறினேன், ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி அடித்தேன். பிறகு அரை கிலோமீட்டர். பிறகு அதுவும் இல்லை. வழியிலுள்ள வனத்துறைச் செக்போஸ்டில் நாலு வீடும் ஒரு டீக்கடையும் உண்டு. இன்னும் ஒன்பது கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிட்டால் ரோட்டில் ஆள் நடமாட்டமே இருக்காது. தள்ளிக்கொண்டு நடந்தேன். மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால் நின்றேன். நின்றால் இன்னும் பயமாக இருந்தது. சாமி குத்தம் என்று ஒரு நினைப்பு வேறு. பொரியை அள்ளி அள்ளித் தின்றேன், பயத்தில் எனக்குப் பசி கூடிவிடும்.

மூன்று ஐம்பதுக்குப் பின்னாலிருந்து பஸ் வந்து என்னைத் தாண்டிப் போய் நின்றது. கையில் மஞ்சப்பையோடு இறங்கினாள் சரசு.

கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார். சைக்கிளை மேலே போடு, இரண்டு பேரும் ஏறுங்கள், இங்கே நிற்க முடியாது என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறினால் கடலிலிருந்து கடல் வரை மிதித்தேன் என்று சொல்ல முடியாது. நான் ஹேண்டில்பாரை விடவில்லை. "நீங்க போங்கண்ணா" என்றாள் அவரிடம். பஸ் போனது.

அவள் இறங்கும்வரை எனக்கு என்னைப் பற்றி மட்டும் பயம். இப்போது அவளைப் பற்றியும்.

"காலைல தீபம் காட்டப் போனா எல்லாம் அப்படியே கெடக்குதுங்க. தீபம் காட்டுனதும் சாமானையும் நீங்க பையில எடுத்து வெச்சுக்குவீங்கன்னுதான் ராத்திரியே நான் அதுல பொரியப் போட்டேன். அப்பா வீட்டுல சாப்புடுவீங்க, அங்க குடுத்துரலாமுன்னு ஓடியாந்தேன். நீங்க அங்க வரவே இல்லீங்களே."

"மாமா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. உங்களுக்கு இலை போட்டு வெச்சிருந்தாரு."

நான் டயரைக் கழற்றினேன். ட்யூபில் முள் குத்திய இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்ட இருபத்தைந்து நிமிஷம். அவ்வளவு நேரமும் அவள் எனக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்து வளர்ந்த ஊர்ப் பக்கம். யானை எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்குப் பயமும் என்னைவிட அதிகம்.

கேரியரில் அவளை உட்காரவைத்து மிதித்தேன். ஐந்து முப்பத்தைந்துக்குச் செக்போஸ்ட். காவலர் வாட்சைக் காட்டித் திட்டினார். டீக்கடைக்காரர் வீட்டில் படுத்தோம்.

காலையில் அவளுக்கு மைசூர் பஸ் ஏழு மணிக்கு. அவள் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொன்னால் திரும்புவதாகவே முடிவு செய்திருந்தேன். அவள் ஸ்பேனர், லீவர், சொல்யூஷன் என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினாள்.

"போயிட்டு வாங்க. ஆனா சோறு போடுற வூட்டைத் தாண்டிப் போகாதீங்க."

மாதேஸ்வரன் மலை, மேட்டூர், சேலம், விருத்தாசலம். மைசூரிலிருந்து கிளம்பிய ஐந்தாம் நாள் பகல் பதினொன்றுக்குக் கடலூரில் முன்சக்கரம் நனைந்தது. கத்தவேண்டும் என்று நினைத்திருந்தேன், கத்தவில்லை. இரண்டு கடலுக்கும் உப்பு ஒன்றுதான். ஸ்பேனரின் இடுக்கில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

திரும்பும்போது சைக்கிள் பஸ்ஸின் கூரையில் வந்தது. மைசூருக்கு டிக்கெட் எடுத்திருந்தும் ஹனூரில் இறங்கினேன். மாமா வாசலில் நின்றிருந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முக்காடு போட்ட அதே துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கைகால் கழுவிட்டு வாங்க மாப்ளே" என்றார். உள்ளே இலை போட்டிருந்தது.